காசோலையும் கட்டம் போட்ட சட்டையும் ஒரே சொல்லா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "வங்கியில் கொடுப்பதும் செக், சட்டையில் இருக்கும் கட்டமும் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக், செய்த வேலையைச் சரிபார்ப்பதும் செக். இவை தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நின்ற வேறு வேறு ஆங்கிலச் சொற்களா, இல்லை ஒரே சொல்லா? செக் குடியரசு என்று ஒரு நாடு இருக்கிறதே, அதற்கும் இதற்கும் ஏதாவது உறவு உண்டா?"

நாட்டைக் கடைசியில் பார்ப்போம். மற்ற நான்கும் ஒரே சொல்தான். அதுவும் பிறப்பால் ஆங்கிலச் சொல் அல்ல. பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா'தான் ஊர் ஊராக அலைந்து, உருமாறி, 'செக்' என்று ஆனது. சதுரங்க ஆட்டத்தில் எழும் குரலிலிருந்து ஒரு பொருள் வரிசையும், அந்த ஆட்டத்தின் பலகையிலிருந்து இன்னொரு வரிசையும் கிளைத்தன. 'தடு', 'சரிபார்' எல்லாம் குரல் வழி வந்தவை. சட்டைக் கட்டம் பலகை வழி வந்தது. காசோலையில் இரண்டும் கலந்திருக்கின்றன.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைக்குச் சமஸ்கிருதத்தில் சதுரங்கம் என்று பெயர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் வழங்கிய ஆட்டம் இந்தப் பெயரோடு பாரசீகம் போய்ச் 'சத்ரங்' ஆனது. அங்கிருந்து அரபிகளிடம் போனபோது, அவர்கள் மொழியில் 'ச்ச' ஒலியும் 'க' என்ற மெல்லொலியும் இல்லாததால் 'ஷத்ரஞ்ச்' ஆனது. ஆட்டத்தின் பெயர் இந்தியாவிலிருந்து போனது. ஆடும்போது எழுப்பும் குரலோ பாரசீகத்தில் சேர்ந்தது. எதிராளியின் ராஜா தாக்குதலுக்கு உள்ளானால் 'ஷா!' என்று சொல்லி எச்சரிக்க வேண்டும். 'அரசே, பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதுபோல. கவனக்குறைவால் ராஜா வெட்டுப்பட்டு ஆட்டம் முடிவது மரியாதை இல்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆக, இன்று பலகையின் முன் 'செக்' என்று சொல்கிறவர் உண்மையில் சொல்வது 'ராஜா' என்றுதான்.

இந்த 'ஷா'வின் வேர் நமக்கு அந்நியமானதும் அல்ல. பழைய பாரசீகத்தில் 'க்ஷாயதிய' என்று இருந்த சொல் அது. ஆட்சி, அதிகாரம் என்ற பொருளுடைய சமஸ்கிருத 'க்ஷத்ர'வும், அதிலிருந்து வந்த க்ஷத்திரியரும் இதே குடும்பம். கிரேக்கர்களோடு போரிட்ட ஸெர்க்சிஸ் மன்னனின் பெயரில் இருப்பதும் இந்த வேர்தான். பாரசீகப் பேரரசில் மாகாணங்களை ஆண்ட சத்ரப்புகளும், மேற்கு இந்தியாவை ஆண்ட க்ஷத்ரபர்களும் இங்கே வந்து சேர்வார்கள். ஆனால் சத்ரபதியை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது சத்திரம், அதாவது குடை. வெண்கொற்றக் குடைக்கு உரியவர் சத்ரபதி. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நினைப்பது சொல்லாராய்ச்சியில் அடிக்கடி நேரும் சறுக்கல்.

'ஷா' எப்படிச் 'செக்' ஆனது என்று கேட்பீர்கள். அரபு நாடுகளிலிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குள் போனபோது, 'ஷாஹ்' என்பதன் கடைசி மூச்சொலியை லத்தீன்காரர்கள் 'க்' ஆகக் கேட்டார்கள். 'ஸ்காக்குஸ்' என்று எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கோ சொல்லின் தொடக்கத்திலேயே 'ஸ்க' என்று வந்தால் நாக்கு புரளாது. நம்மில் பலர் ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்கிறோமே, அதேதான். அவர்களும் முன்னால் ஓர் 'எ' போட்டு 'எஸ்செக்' ஆக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே போன இந்தச் சொல்லின் தலையை ஆங்கிலம் வெட்டியது. மிஞ்சியது 'செக்'. இதே 'எஸ்செக்'கின் பன்மை வடிவம்தான் 'செஸ்'. அதாவது செஸ் என்ற சொல்லுக்கு நேர்பொருள் 'ராஜாக்கள்'. சதுரங்கம் என்ற பெயருக்கும் செஸ் என்ற பெயருக்கும் வேரில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆட்டம் மட்டும் ஒன்று.

செக்மேட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'ஷா மாத்' என்பதற்கு 'அரசன் இறந்தான்' என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் 'மாத்' என்றால் திகைத்துப்போன, வழியற்றுப்போன என்று பொருள். எனக்கு இரண்டாவது விளக்கமே சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜா கடைசிவரை பலகையில்தான் நிற்கிறார், வெட்டப்படுவதே இல்லை. போக வழியில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான். நண்பனைக் குறிக்கும் ஆங்கில 'மேட்' வேறு சொல். அது ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது, ஒன்றாக உணவைப் பகிர்பவன் என்ற பொருளில்.

இனி குரலின் பாதை. செக் வைக்கப்பட்ட ஆட்டக்காரர் தான் நினைத்திருந்த திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். இதிலிருந்து 'திடீர்த் தடங்கல்' என்ற பொருள் பிறந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், மனைவியை இழந்த ஒரு வீரன் விதியோடு சதுரங்கம் ஆடித் தோற்றதாக ஒரு கவிதையில் புலம்ப வைக்கிறார். பலகையின் நட்டநடுவில் விதி 'செக்' என்கிறது, உடனே 'மேட்' என்கிறது. துயரத்தைச் சொல்ல ஆட்டத்தின் சொற்கள் அப்போதே கைகொடுத்திருக்கின்றன. வேட்டைப் பருந்து வளர்த்தவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்: ஏவிய இரையை விட்டுவிட்டு வேறொரு பறவையின் பின்னால் பருந்து போய்விட்டால் அதுவும் 'செக்'. நம் செய்தித்தாள்கள் ஓர் அரசியல்வாதி இன்னொருவருக்குச் 'செக் வைத்தார்' என்று எழுதுகின்றன. தமிழில் அது புதிய வழக்கு போலத் தோன்றினாலும் சொல்லின் ஆதிப் பொருள் அதுதான்.

தடங்கலிலிருந்து தடுத்தல், தடுத்தலிலிருந்து அடக்கி வைத்தல். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 'தடு' எப்படிச் 'சரிபார்' ஆனது? 17-ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பொருள் தலைகாட்டுகிறது. இந்தத் தாவலுக்கு விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கணக்கர் எழுதும் கணக்கை வேறொருவரும் தனியாக எழுதி வைத்தால், முதலாமவர் திருட முடியாது. இரண்டாவது கணக்கு முதல் கணக்குக்கு ஒரு 'செக்', அதாவது தடை. தடை வேலை செய்ய வேண்டுமென்றால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பிடுதலே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லின் பொருளாகிவிட்டது.

'கண்ட்ரோல்' என்ற சொல் இதே சாலையில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இது. பழைய பிரெஞ்சில் அது 'கோந்த்ர ரோல்'. எதிர்ச்சுருள், அதாவது மூலக் கணக்கோடு ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் இரண்டாம் படி. சரிபார்ப்பதில் தொடங்கி அடக்குவதில் முடிந்தது கண்ட்ரோல். அடக்குவதில் தொடங்கிச் சரிபார்ப்பதில் முடிந்தது செக். பிரெஞ்சில் இன்றும் 'கோந்த்ரோல்' என்றால் முதன்மையாகச் சோதனைதான். ரயிலில் பயணச்சீட்டைப் பார்ப்பவருக்குப் பெயர் 'கோந்த்ரோலர்'.

தடுப்பதும் சரிபார்ப்பதும் ஒன்றாகவே இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தாமல் சோதிக்க முடியாது. விமானிகளின் செக்லிஸ்ட்டும் அப்படித்தான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு தளத்தில், போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்தது. எந்திரக் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் வால்பகுதி அசையாமல் இருக்கப் போடும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். அனுபவசாலிகள் மறந்ததால், பயிற்சியைக் கூட்டுவதைவிட ஒரு பட்டியலைக் கையில் கொடுப்பது மேல் என்று முடிவானது. பட்டியலில் உள்ளதைச் சரிபார்க்கும்வரை கிளம்பாதே என்பதுதானே அதன் சாரம்.

அடுத்தது பலகையின் பாதை. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் 'ஸ்காக்காரியம்', பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'. இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி காலத்திலிருந்து, அதாவது 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, அரசின் வரவு செலவு ஒரு பெரிய மேசையில் கணக்கிடப்பட்டது. நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி விரித்திருக்கும். காசு விழுந்துவிடாமல் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அக்காலத்தில் ரோமன் எண்களால் எழுதினார்கள்; அவற்றைத் தாளில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் துணியின் பத்திகளைப் பென்னிக்கு ஒன்று, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு வட்டுகளை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். மணிச்சட்டத்தைத் துணியில் விரித்தது போல.

இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170-களின் இறுதியில் இந்த அலுவலகத்தைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். ஏன் இந்தப் பெயர் என்று மாணவன் கேட்க, மேசை சதுரங்கப் பலகை போல இருக்கிறது என்பதோடு ஆசிரியர் நிறுத்தவில்லை. சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல, இங்கே பொருளாளரும் மாவட்ட ஷெரீஃபும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள் என்கிறார். வரி வசூலித்துக்கொண்டு வந்த அதிகாரி ஒருபக்கம், மீதி எங்கே என்று கேட்கிறவர் மறுபக்கம். நல்ல உவமைதான்.

அந்த மேசையின் பெயரே அலுவலகத்தின் பெயராகி 'எக்ஸ்செக்கர்' ஆனது. இதில் 'எக்ஸ்' என்பது பின்னால் வந்த படித்தவர்களின் பிழை. பிரெஞ்சு 'எஸ்' என்பதை, லத்தீன் 'எக்ஸ்' என்ற முன்னொட்டின் சிதைவு என்று நினைத்துத் 'திருத்தி'விட்டார்கள். உண்மையில் அது நாக்குக்கு வசதியாகப் போட்ட 'இஸ்கூல்' இகரம். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறார்.

பழைய எக்ஸ்செக்கரில் வரவுக்கு ரசீது தாள் அல்ல, வெட்டுக்குறி போட்ட குச்சி. குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள்; இரண்டு பாதியும் பொருந்தினால் கணக்கு நேர். இந்த முறை 1826-இல்தான் முடிவுக்கு வந்தது. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது, தீ பரவிக் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலானது. சொல்லின் கதைக்கு இது தேவையில்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை.

சட்டைக்கும் வருகிறேன். பலகை போலக் கட்டம் கட்டமாக இருக்கும் எதுவும் 'செக்கர்' ஆனது. துணிகளில் அது சுருங்கிச் 'செக்' ஆனது. பந்தயக் கார்களுக்குக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி, அமெரிக்கர்கள் 'செக்கர்ஸ்' என்று சொல்லும் ஆட்டம், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த ஒருவரின் கடந்த காலத்தை 'செக்கர்டு' என்பது எல்லாம் இந்தக் கிளை.

இப்போது காசோலை. தொடக்கத்தில் 'செக்' என்றால் பணம் எடுக்கும் தாள் அல்ல. அது அடிக்கட்டை. 1700-களின் தொடக்கத்தில், பணத்தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு வழங்கியவரிடம் மிஞ்சும் துண்டுக்குச் செக் என்று பெயர். யாராவது போலித் தாளைக் கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பிடிப்பதற்கு. மோசடிக்குத் தடை, அதே நேரத்தில் சரிபார்ப்பு. மேலே சொன்ன இரண்டாம் கணக்கின் கதைதான் மறுபடியும். பிறகு அடிக்கட்டையோடு கூடிய தாளுக்கும், கடைசியில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாளுக்கும் பெயர் இடம்பெயர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள், எக்ஸ்செக்கரின் எழுத்தமைப்பைப் பார்த்து, இதைச் சி-எச்-இ-கியூ-யு-இ என்று எழுதப் பழகினார்கள். குழப்பம் வராது, கூடவே அரசுக் கருவூலத்தின் கம்பீரமும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கர்கள் அந்த ஆடம்பரம் வேண்டாமென்று பழைய சி-எச்-இ-சி-கே-யிலேயே நின்றுவிட்டார்கள்.

காசோலைக்கு வேறொரு பிறப்புக் கதையும் பரவலாக இருக்கிறது. அரபியில் 'ஸக்' என்றால் பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய ஓலை. அதிலிருந்துதான் ஆங்கிலச் செக் வந்தது என்பார்கள். ஸக் என்ற ஓலை இருந்தது உண்மை. 10-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் தென்கரையில் இருந்த அவ்தகஸ்த் நகரில் 42,000 தினாருக்கு எழுதிய ஒரு பத்திரத்தைப் பார்த்ததாகக் குறித்திருக்கிறார். ஆனால் ஓலை இருந்தது என்பதால் பெயரும் அங்கிருந்தே வந்தது என்றாகிவிடாது. அரபிகளிடமிருந்து வணிகச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்கு வர வேண்டுமென்றால் இத்தாலிய வணிகர்கள் கையைக் கடந்து, பிரெஞ்சு வழியாக வருவதே வழக்கம். இத்தாலியில் காசோலைக்கு 'அஸ்ஸேஞ்ஞோ' என்ற வேறு சொல் இருக்கிறது. பிரெஞ்சோ 'ஷெக்' என்பதை மிகப் பிற்காலத்தில் ஆங்கிலத்திடமிருந்தே வாங்கியது. நடுவில் பல நூற்றாண்டுகளுக்குத் தடயமே இல்லாமல் ஒரு சொல் தாவி வந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன்; அடிக்கட்டைப் பொருள் கண்முன் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. பிரெஞ்சு, 'எஸ்செக்'கைக் கொடுத்துவிட்டு, சில நூற்றாண்டுகள் கழித்து அதையே 'ஷெக்' என்று திரும்ப வாங்கிக்கொண்டதுதான் இதில் வேடிக்கை. வீட்டிலேயே தங்கிய பழைய வடிவத்துக்கு அங்கே இன்று 'தோல்வி' என்று பொருள்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குக் குட்டிகள் அதிகம். பெட்டியை ஒப்படைத்தால் கொடுக்கும் அடையாள வில்லை ஒரு செக். செக்-இன், செக்-அவுட்டும் உண்டு. உணவகத்தில் பில்லும் செக். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், வேறொரு நாள் வர உதவும் சீட்டுக்கு 'ரெயின் செக்'. அழைப்பை நாகரிகமாகத் தள்ளிப்போடும்போதும் இதையே சொல்வார்கள். போக்கரில் பந்தயம் கட்டாமல் முறையை அடுத்தவருக்கு விடுவதும் செக்.

மொழிபெயர்ப்பவர்களுக்குத் தொல்லை தருபவை 'தடு', 'சரிபார்' இரண்டும்தான். அரசு விலைவாசியைச் 'செக்' செய்தது என்று ஆங்கிலத்தில் இருந்தால், விலையைப் பார்த்துவரக் கடைக்கு ஆள் அனுப்பியது என்று பொருள் இல்லை. ஏறவிடாமல் பிடித்து நிறுத்தியது என்று பொருள். செயப்படுபொருள் தானாக வளரக்கூடியதாகவோ நகரக்கூடியதாகவோ இருந்தால் (நோய், கோபம், காட்டுத்தீ, பணவீக்கம்) பெரும்பாலும் 'தடு'. அசையாமல் கிடப்பதாக இருந்தால் (கணக்கு, பூட்டு, எழுத்துப்பிழை) 'சரிபார்'. இந்தக் கணிப்பு அநேகமாகத் தவறாது. 'உன் வேகத்தைச் செக் செய்' என்று சாலையோரம் எழுதியிருந்தால் மட்டும் இரண்டையும் செய்துவிடுங்கள். 'அன்செக்டு' என்பது இன்னும் மோசம்: தடையின்றிப் பரவிய நோயும் அதுதான், சரிபார்க்காத செய்தியும் அதுதான், படிவத்தில் டிக் போடாமல் விட்ட கட்டமும் அதுதான்.

கடைசியாக, செக் குடியரசு. உறவு இல்லை. அது ஸ்லாவிய மக்களில் ஒரு பிரிவினரின் பெயர்; ஆங்கிலத்தில் அதை எழுதும் முறை போலந்து மொழியின் எழுத்துக்கூட்டலிலிருந்து வந்தது. அரபு 'ஷேக்'குக்கும் உறவு இல்லை, அதன் பொருள் மூத்தவர். எண்ணெய் ஆட்டும் நம் செக்கைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் அந்த நாட்டுக்காரர்களும் ஷாவிடமிருந்து தப்பவில்லை: செக் மொழியில் சதுரங்கத்துக்கு 'ஷாஹி', காசோலைக்கு 'ஷெக்'.